குளோஸ் அண்ணை மூடாமல் விட்ட கோப்பு

மானிப்பாயில் திறந்து கிடந்த படலைகளில் பாதியைச் சாத்தியவர் குளோஸ் அண்ணைதான். மற்றப் பாதிக்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் மென்பொருள் கந்தோர். நாங்களெல்லாம் சுகமான கணினி மொழிகளில் எழுத, அவர் மட்டும் சி மொழியில் கணினியின் இயங்குதளத்தோடு நேரே கதைப்பார். கோப்பைத் திறந்துதரச் சொல்லிக் கேட்டால் அது ஓர் இலக்கம் தரும். அந்த இலக்கத்தைச் சொல்லித்தான் வாசிக்கலாம், எழுதலாம். முடிந்ததும் ‘குளோஸ்’ என்று இலக்கத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடாமல் விடுவது அண்ணையின் கணக்கில் கொலைக்குற்றம்; அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். அதில் நான் பழைய குற்றவாளி.

கேட்டதற்கு மறுமொழி வராமல் அவர் அடுத்த வேலைக்குப் போகவும் மாட்டார். தன் தங்கச்சியின் கலியாணத்தில் போதகர் சம்மதம் கேட்க, மாப்பிள்ளை வெட்கத்தில் வாய்க்குள்ளே “ஓம்” என்றாராம். தேவாலயத்தின் முன்வாங்கில் இருந்த அண்ணை எழும்பிவிட்டார்.

“கேக்கேல்லை தம்பி. திருப்பிச் சொல்லும்.”

பிறகு மாப்பிள்ளை சொன்ன ‘ஓம்’ றோட்டுக்குக் கேட்டதாம்.

ஒருநாள் காலை, கண் வைத்தியர் ஒருவருக்கு நாங்கள் செய்துகொடுத்த பதிவு மென்பொருள் நின்றுபோனது. கோப்புகள் திறந்தபடியே சேர்ந்து, கொடுக்க இலக்கம் இல்லை என்று இயங்குதளம் கையை விரித்துவிட்டது. முதலாளியும் அண்ணையும் நானும் போய்ப் பார்த்தால் வாசல்வரை நோயாளிகள். இன்றைக்குச் சரிவராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எங்கள் முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்றோடு வேலை போச்சு என்று நானும் நினைத்தேன்.

அண்ணை கணினிக்கு முன்னால் இருந்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. வாசிப்பதில் பிழை வந்தால் பாதியில் திரும்பிவிடச் சொல்லும் வரி அது. ‘குளோஸ்’ அதற்குக் கீழே, பிழை வந்தால் எட்டாத இடத்தில் கிடந்தது. சத்தமில்லாமல் திருத்தியிருந்தால் ஒருவருக்கும் விளங்கியிராது. அவர் எழும்பி நின்றார்.

“உந்தப் பிள்ளையைப் பாக்காதேங்கோ. மூடாமல் விட்டது நான்.”

திருத்த அதிக நேரம் எடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் வரிசை கரைந்தது. வைத்தியரும் எங்களை விடவில்லை. அந்தக் கிழமை முழுக்க அண்ணை தன் பிழையை வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கிக்கொண்டு திரிந்தார். சாறி வாங்க வந்த பெண்கள்கூடத் தப்பவில்லை.

இப்போது அவர் உடுப்பிட்டியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் போன் எடுப்பேன். அலுவல் என்று ஒன்றும் இல்லை.