மாமியாரைப் பணயம் வைத்த ஆட்டம்

இந்த ஞாயிறு ஜெயித்தே தீருவது என்று வலிகோ மீசையை முறுக்கப் போனான். மீசை இல்லை. போன வருஷம்தான் சதுரங்கத்தில் மனைவி சியுரியிடம் அதைத் தோற்றிருந்தான். அதற்கு முந்தின வருஷம் சிகரெட்டை.

சியுரி நான்கு வருஷமாக இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். கிழவி மதியம் கண்ணயர்ந்ததும் ஜார்ஜியாவில் குட்டாய்சி நகரத்து வீட்டுக்குப் போன் வரும், ஸ்பீக்கரில் ஆட்டம் தொடங்கும். அவள் சீதனமாகக் கொண்டுவந்த பலகையில் இருவர் காய்களையும் வலிகோவே நகர்த்துவான். எதிர் நாற்காலி காலி. பாழாய்ப்போன நாற்காலி!

இன்றைய பந்தயம் பெரிது. அவன் ஜெயித்தால் அவள் வீடு திரும்புவாள். அவள் ஜெயித்தால் அவளுடைய அம்மா இங்கே குடிவருவார்.

அதனால்தான் பக்கத்து வீட்டு லமாரா அக்காவை ரகசியமாக உட்காரவைத்திருந்தான். பள்ளியில் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவள். தன் போனில் பின்னல் மாதிரியைப் பார்த்துப் பார்த்து ஸ்வெட்டர் பின்னினாள். நடுநடுவே ஊசியால் ஒரு கட்டத்தைத் தொட்டாள்.

“என்னங்க, இன்னிக்குப் பிரமாதமா ஆடுறீங்க?”

“மூளை வளர்ந்திருக்கு.”

“எங்கே, மீசை இருந்த இடத்துலயா?”

ஊசி ராணியைத் தொட்டு, சியுரியின் ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தைக் காட்டியது. வலிகோ போனைப் பொத்திக்கொண்டான்.

“அக்கா, ராணியை வெட்டிடுவா!”

“வெட்டட்டும் தம்பி.”

“ஒரு ராணியை அனுப்பிட்டு நான் தவிக்கிறது போதாதா?”

“வை சொல்றேன்!”

வைத்தான். சியுரியின் யானை ராணியை வெட்டியது. வலிகோவின் குதிரை பாய்ந்தது. தன் காய்களே நெருக்கி நிற்க, அவள் ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை.

“செக்மேட்! சியுரி, செக்மேட்! எப்போ வர்றே?”

“வெள்ளிக்கிழமை. டிக்கெட் போன மாசமே எடுத்தாச்சு.”

“போன மாசமா? நான் இன்னிக்குத்தானே ஜெயிச்சேன்?”

“நீங்களா? லமாரா அக்கா, அந்தப் பின்னல் மாதிரியைக் கொஞ்சம் அவர்கிட்ட காட்டுங்க.”

லமாரா போனை நீட்டினாள். பின்னலும் இல்லை, மாதிரியும் இல்லை. சியுரி அனுப்பிய குறுஞ்செய்திகள். கடைசியில்: ‘ராணியைக் கொடுக்கச் சொல்லுங்க. அழுவார், விடாதீங்க.’

“ரெண்டு பக்கமும் ஆடினது நான்தாங்க. அதனால ரெண்டு பந்தயமும் செல்லும். அம்மா பெட்டி கட்டிட்டாங்க. உங்க கட்டிலை அவங்களுக்குத் தட்டிப் போட்டு வைங்க.”

வலிகோ எதிர் நாற்காலியைத் துடைத்துவைத்தான். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். சியுரி வருவதற்கா, மாமியார் வருவதற்கா என்று லமாராவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.