வயர் அண்ணனும் இருநூற்று ஐம்பது அடியும்

ஈப்போவில் மைக் பிடித்துப் பாடியவர்கள் எத்தனையோ பேர். பாடிக்கொண்டே மைக், அதன் வயர், வயரின் மறுமுனையில் இருந்த ஆம்ப்ளிஃபையர், அது உட்கார்ந்திருந்த மேசை என்று வரிசையாக அத்தனையையும் இழுத்துக்கொண்டு போனவர் உலகத்திலேயே வயர் அண்ணன் ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று கேட்டால், "அது ஐ.சி. கார்டுல இருக்கு தங்கச்சி" என்பார். அந்த அடையாள அட்டையை யாருக்கும் காட்டியதில்லை.

நான் அப்போது தொழிற்பயிற்சி முடித்து, சிலிபின் பகுதியில் ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்திருந்தேன். எழுபதுகளின் கடைசி. தெருவுக்கு ஒரு ராக் குழு இருந்த காலம். வயர் அண்ணன் காலையில் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுப்பார். சாயங்காலம் தோளில் புரளும் முடியும் தரையைக் கூட்டும் பெல்பாட்டமுமாக, தானே எழுதிய தமிழ் ராக் பாடுவார். அவருடைய இசை வாழ்க்கை எனக்குப் பழுதான பெட்டிகளாகத்தான் வந்து சேர்ந்தது.

முதல் பெட்டி 'ரெட் லோரிஸ்' குழுவுடையது. சிவப்பு லோரியில் போய் வந்ததால் அந்தப் பெயர். ஒரு கல்யாண வீட்டில் பாட்டு சூடு பிடித்ததும் அண்ணன் நடக்க ஆரம்பித்திருக்கிறார். வயர் பதினைந்து அடி, அண்ணன் நடந்தது இருபது அடி. ஆம்ப்ளிஃபையர் மேசையிலிருந்து குதித்துச் சாம்பார் அண்டாவில் இறங்கிவிட்டது. நான் திறந்து பார்த்தபோது வால்வுகளுக்கு நடுவே முருங்கைக்காய் ஒன்று ஐந்தாவது வால்வைப் போல நிமிர்ந்து நின்றது. பந்தி முடிவதற்குள் அண்ணனை நீக்கிவிட்டார்கள். சாப்பிட மட்டும் விட்டார்கள்.

அடுத்தது 'ஐந்து நட்சத்திரம்'. அதில் அண்ணனையும் சேர்த்து நான்கு பேர்தான். முன்னெச்சரிக்கையாக அவர் இடுப்பை மைக் ஸ்டாண்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். ஆயர் தாவார் ஊர் நிகழ்ச்சியில் அண்ணன் ஸ்டாண்டையும் சுமந்துகொண்டே நடந்தார். அதன் இரும்புப் பாதம் பெரிய டிரம்மைக் கிழித்துக்கொண்டு டிரம்மர் ஆ செங்கின் மடியில் போய் நின்றது. ஆ செங் மூன்று மொழிகளில் திட்டினார். நட்சத்திரங்கள் மூன்றாகிவிட்டன.

மூன்றாவது குழு 'சில்வர் ஸ்பேனர்ஸ்'. கித்தார் வாசித்த தலைவர் ரவியைத் தவிர எல்லோரும் மோட்டார் பட்டறைக்காரர்கள். ரவி யாழ்ப்பாணத்துக் குடும்பம், கிளார்க் வீட்டுப் பிள்ளை. ராக் வாசித்தாலும் சட்டை கசங்காது. அவன் மேடையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, அண்ணனை அதற்குள் நிற்க வைத்தான். அண்ணன் கோட்டைத் தாண்டவே இல்லை. முதல் வரி வந்தது. இரண்டாவது வரிக்கு, மழையில் நனைந்த மோட்டார் சைக்கிளை உதைப்பது போன்ற ஒரு சத்தம்தான் வந்தது.

மறுநாள் இருவரும் கடைக்கு வந்தார்கள். அடுத்த மாதம் ஈப்போவில் பெரிய ராக் போட்டி. ஜெயிக்கிற குழுவுக்குக் கோலாலம்பூரில் பாட்டுப் பதிவு.

"நின்னா எனக்குப் பாட்டு வரல ரவி."

"பாடகர்னா நிப்பாங்க அண்ணே. நீங்க பஸ்ஸ விட்டுட்டு ஓடுற ஆளு மாதிரி பாடுறீங்க. போட்டியில வயர் கழண்டுச்சுன்னா ஹாபிஸ், எல்லாம் முடிஞ்சுது. அதோட நம்ம குழுவுல நீங்க இல்ல."

ரவி போன பிறகும் அண்ணன் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது. அவரைப் பற்றிக் கேள்விப்படாத குழு எதுவும் பேராக் மாநிலத்தில் மிச்சமில்லை.

"இதுவும் போச்சுன்னா பாட்டு அவ்வளவுதான் தங்கச்சி" என்றார். முதல்முறையாகச் சிரிக்காமல் பேசினார்.

கோளாறு எங்கே என்று தெரியாமல் எதையும் சரிசெய்ய முடியாது. அந்தச் சனிக்கிழமை முதல் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் வேலையில் இருந்தார். மரத்தின் முன் லேசாகக் குனிந்து, பட்டையில் கத்தியை இழுத்தபடி ஒரு வரி பாடினார். பால் வடியும் மங்குக் கிண்ணத்தைச் சரியாக வைத்தார். நடந்தார். அடுத்த மரத்தில் அடுத்த வரி. மரத்துக்கு ஒரு வரி, நடக்கும்போது மூச்சு. இருபது வருடமாக இப்படியே பாடிப் பழகியவரைத்தான் நாம் வட்டத்துக்குள் நிறுத்தியிருக்கிறோம்.

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். மரத்துக்கு மரம் பன்னிரண்டு அடி. போட்டிப் பாட்டில் பதினெட்டு வரி. ஆக இருநூற்றுப் பதினாறு அடி. எதற்கும் இருக்கட்டும் என்று இருநூற்று ஐம்பது.

இவ்வளவு நீள வயரில் குரல் மங்கும், இரைச்சல் ஏறும். அதற்கேற்ற மைக், அதற்கொரு டிரான்ஸ்ஃபார்மர், உறை போட்ட வயர், இழுத்தாலும் கழலாத பூட்டு என்று இரண்டு வாரம் பற்றவைத்தேன். சுருளைப் பார்த்த ரவி, தோட்டத்துக்கு நான் கரண்டு இழுக்கப் போகிறேனா என்று கேட்டான்.

போட்டி ஒரு ஞாயிறு பிற்பகல். மண்டபம் நிரம்பி வழிந்தது. நான் கடைசியில், சுவரோரமாக, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் நடுவர்கள் மூவர், அவர்களுக்கு ஒரு மேசை.

முதல் வரி மேடை நடுவில். இரண்டாவது வரி மேடை ஓரத்தில். மூன்றாவது வரிக்கு அண்ணன் கீழே இறங்கிவிட்டார். வயர் மேடையிலிருந்து அவர் பின்னாலேயே வந்தது. ஒவ்வொரு பன்னிரண்டு அடிக்கும் ஓர் ஆள் முன்னால் நின்று, லேசாகக் குனிந்து, அவருக்கென்று ஒரு வரி. ஒரு போலீஸ்காரர். கைக்குழந்தையோடு ஒரு மலாய்க்கார அம்மா. கச்சான் கடலை விற்கிறவர். அப்படி ஒரு குரலை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. ஜனங்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள்.

என் கணக்கில் ஒரே ஒரு தவறு. தோட்டத்தில் ஒரு நிரையின், அதாவது மர வரிசையின், முடிவுக்குப் போனவர் வந்த வழியே திரும்ப மாட்டார். அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டே வருவார். அண்ணன் இடது பக்கம் போய், கடைசியில் திரும்பி, வலது பக்கமாக மேடைக்கு வந்தார். ஆக, மண்டபத்தின் நடுப்பகுதி முழுவதும் வயருக்குள். பதினெட்டாவது வரிக்கு உணர்ச்சிவசப்பட்டு இரண்டு கையாலும் வயரை இழுத்தார். நடுவர்கள் மூவரும் மேசையோடு மேடையை நோக்கி நகர்ந்தார்கள்.

வயர் கழலவில்லை.

பாடகர் மேடையில் நின்று பாட வேண்டும் என்ற விதியைக் காட்டிக் குழுவைப் போட்டியிலிருந்து நீக்குவதாகத் தலைமை நடுவர் அறிவித்தார். வயருக்குள் இருந்தபடியேதான் அறிவித்தார்; அவிழ்க்க நேரமாயிற்று.

வெளியே வந்ததும் அண்ணன், குழுவின் பளபளக்கும் பெல்ட்டைத் தானே கழற்றி ரவியிடம் நீட்டினார். ரவி அதை வாங்காமல் என்னைப் பார்த்தான்.

"வயர் கழண்டுச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்னலா? பெல்ட்ட கட்டுங்க அண்ணே. சனிக்கிழம கல்யாணம் இருக்கு."

பத்து வருடத்துக்கு மேல் 'சில்வர் ஸ்பேனர்ஸ்' அண்ணனோடுதான் பாடியது. தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்ப் பனை நட்டார்கள். பனைக்குப் பனை முப்பது அடி. அண்ணனின் பாட்டிலும் வரிக்கு வரி இடைவெளி கூடிவிட்டது. புதுப் பாணி என்று ஜனங்கள் கைதட்டினார்கள்.

போட்டி முடிந்த அன்று ரவி இன்னொன்றும் கேட்டான். ஏழாவது வரியில், அண்ணன் மண்டபத்தின் கடைசிக்கு வந்து என் முன்னால் நின்று குனிந்த நேரத்தில், சத்தம் ஏன் அப்படித் தடுமாறியது என்று. வயரில் கோளாறு என்று சொல்லிவிட்டேன். வயரில் ஒரு கோளாறும் இல்லை; அந்த ஒரு வரிக்கு மட்டும் நான் பெட்டியைப் பார்க்கவே இல்லை.