நத்தை முதுகில் நல்லமுத்து

மனுஷரில் ஒரு வகை உண்டு. கூடப் போகிறவர்கள் என்று அவர்களுக்குப் பேர் வைத்திருக்கிறேன். அவர்கள் எங்கும் தனியாகப் போவதில்லை. யாரும் அழைத்தும் போவதில்லை. கல்யாணமா, கருமாதியா, ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கவா, லயத்து வரிசை வீடுகளின் வாசலில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் போதும், தலையைச் சீவி, சுவெட்டரை மாட்டி, கையில் ஒரு வெறும் பையோடு வேன் கதவோரம் நின்றுவிடுவார்கள். வெறும் பை எதற்கு? திரும்பி வரும்போது தெரியும்.

எங்கள் ராகலைத் தேயிலைத் தோட்டத்து நல்லமுத்து இந்த வகையில் முதல் தரம். என் சித்தப்பா சம்சாரத்தின் தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இவருக்கு ஒரு மச்சினன். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு என்னை மாமா என்பார், என் மகளை அக்கா என்பார். இரண்டும் சேராது. அவரிடம் யார் சொல்வது?

போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு திருகோணமலைக்கு வேன் பிடித்தாள். அவள் மகள் பிரேமினி அங்கே கடற்கரைப் பாசியைப் பற்றிப் படிக்கிறாள். பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது. படிப்பை நிறுத்திக் கையோடு கூட்டிவந்துவிட வேண்டும் என்று தாய்க்கு ஒரே பிடிவாதம். அவளும், புருஷன் பொன்னையாவும், பேச்சுத் துணைக்கு நானுமாக ஏறினோம்.

"நல்ல காரியத்துக்கு மூணு பேராவா போறீங்க, மதினி?"

கதவோரம் நல்லமுத்து. அம்மாக்கண்ணுவின் முகம் மாறிவிட்டது. மூணு பேராகப் போனால் காரியம் விளங்காது என்பார்கள் எங்கள் பக்கத்தில்; அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியதில்லை.

"டிரைவரோட நாலுதானப்பா" என்றார் பொன்னையா.

"டிரைவர் சம்பளத்துக்கு வர்றவருண்ணே, கணக்குல வரமாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

கடற்கரையில் தாயும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"துணிமணிய எடுத்து வை."

"வேலை பாதியில கெடக்கும்மா."

"பாசிய வழிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?"

பிரேமினியின் கண் சிவந்தது. அடுத்த வார்த்தை வருவதற்குள் நல்லமுத்து இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, அவள் கையிலிருந்த நத்தையை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன தாயி, முதுகெல்லாம் பச்சை?"

"பாசி சித்தப்பா. ஜப்பான் பக்கத்துக் கடல்ல ஒண்ணு நத்தை ஓட்டுல மட்டுந்தான் வளருது. இங்கயும் அப்படி உண்டான்னு தேடுறோம்."

"காலில்லாத பாசி ஊருக்கு ஊரு எப்படிப் போகுது?"

"நத்தை ஊர்ந்தா அதுவும் கூடப் போகும். நத்தைங்க ஒட்டிக் கெடக்கையில அடுத்த முதுகுக்கு மாறிக்கும். ஆனா தூரத்துக் கரைக்கு? நத்தைக் குஞ்சு கண்ணுக்கே தெரியாத பொடிசு, தண்ணியோட போயிரும், அதுல இந்தப் பாசி ஏறிப் போக முடியாது."

பொன்னையா நல்லமுத்துவைப் பார்த்துச் சிரித்தார். "ஓசிப் பயணம். சுமக்கிற நத்தைக்கு என்ன லாபம்?"

"பாசி போர்த்தின நத்தைக்கு வெயில் அவ்வளவா ஏறாதுன்னு கண்டிருக்காங்கப்பா."

அம்மாக்கண்ணு நத்தையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்ப தூரத்துக்கு எப்படித்தான் போச்சு?"

மகளின் படிப்பைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"தெரியலம்மா. அதைத்தான் பாக்குறேன்."

"சரி, தெரிஞ்சுக்கிட்டே வா. மாப்பிள்ளை வீட்டுல பொறுக்கச் சொல்றேன்."

திரும்பி வரும்போது நல்லமுத்துவின் பை நிறையக் கருவாடு. தாய்க்கென்று பிரேமினி வாங்கியதில் பாதி. அம்மாக்கண்ணுவே அள்ளிப் போட்டாள்.

சிரிக்கிறீர்கள். அடுத்த முறை வேனில் ஏறியதும் உள்ளே இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பாருங்கள். அப்படி ஒருவரும் கண்ணில் படவில்லையென்றால், உங்களை யார் கூப்பிட்டார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். என்னை யார் கூப்பிட்டார்கள் என்கிறீர்களா? உனக்குப் பேச்சுத் துணை வேண்டும் என்று நானேதான் அம்மாக்கண்ணுவிடம் சொன்னேன்.