மோட்டார் அண்ணாச்சியின் முதல் பாதி

தாமிரபரணியில் தண்ணீர் ஓடுவதே மோட்டார் அண்ணாச்சியைக் கேட்டுக்கொண்டுதான் என்று சேரன்மகாதேவியில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேருக்கு வயல் கிடையாது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பம்ப்செட் மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எந்த மோட்டாரைக் கொண்டுபோனாலும் அதன் மேல் காதை வைத்துக் கேட்பார். அப்புறம், “ஏர் பிடிச்சிருக்கு வே” என்பார். உள்ளே காற்று அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். மோட்டாருக்கு மட்டுமா? என் வயிற்று வலி, நான் வேலை பார்த்த வங்கியின் கம்ப்யூட்டர், என் மகனுக்குத் தள்ளிப்போன கல்யாணம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நோய்தான். நான் அடுத்த வீட்டுக்காரன். வைத்தியம் எனக்கு இலவசம்.

அண்ணாச்சி கத்தோலிக்கர். சாயங்காலம் ஏழு அடித்தால் அவர் வீட்டில் ஜெபமாலை தொடங்கிவிடும். ‘அருள் நிறைந்த மரியே’ என்ற ஜெபத்தை ஐம்பத்து மூன்று தடவை சொல்ல வேண்டும். அதில் முதல் பாதியை மைனி, அதாவது அவர் மனைவி சொல்வார். இரண்டாம் பாதி அண்ணாச்சிக்கு. மைனி உவரிக்காரர். கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். எங்கள் வீட்டுக் கடிகாரம் நின்றுபோனால் அந்தக் குரலை வைத்துத்தான் சரிசெய்வோம்.

போன ஆடியில் மைனிக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் பைய திரும்பிவிட்டன. பேச்சு மட்டும் திரும்பவில்லை. பழகின சொல்லாகப் பார்த்துப் பேச வையுங்கள், வந்தாலும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏழு மணியானால் மைனி ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணாச்சி முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த மனுஷனோ சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என்ன அண்ணாச்சி இது என்று கேட்டே விட்டேன். ஜெபத்தில் இன்னும் ஆழமாகப் போகவேண்டும், அதற்கு வழி தேடுகிறேன் என்றார். எத்தனை அடி என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

முதலில் பாளையங்கோட்டையில் மூன்று நாள் தியானத்துக்குப் போனார். இஞ்ஞாசியார் என்ற புனிதர் வகுத்த முறையாம். கண்ணை மூடிக்கொண்டு, நற்செய்தியில் வருகிற காட்சிக்குள் நாமே போய் நிற்க வேண்டும். கிணற்றடியில் இயேசு ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிற இடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். கிணறு ஆழமாயிற்றே, மொள்ளுவதற்கு உம்மிடம் ஒன்றும் இல்லையே என்கிறாள் அவள். போதாதா? ஒரு மணி நேரம் கழித்து ஃபாதர் வந்து, அங்கே என்ன கண்டீர்கள் என்று கேட்க, மூணு ஹெச்பி மோட்டார் போதும், வயர்தான் ரொம்ப தூரம் இழுக்கணும் என்றாராம் அண்ணாச்சி.

அடுத்தது பெனடிக்ட் சபை வழி. வேதத்தில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, மாடு அசைபோடுகிற மாதிரி நாள் முழுக்க மென்றுகொண்டிருக்க வேண்டும். அண்ணாச்சி எடுத்த சொல் ‘அஞ்சாதே’. களக்காட்டிலிருந்து ஒரு வாழை விவசாயி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். காயில் போயிட்டா அண்ணாச்சி என்று கேட்டார். “அஞ்சாதே.” ரொம்பச் செலவாகுமா? “அஞ்சாதே.” அந்த மனிதர் பயந்துபோய் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

மூன்றாவது, கார்மேல் சபையின் மௌன ஜெபம். அதில் சொல்லே கிடையாது. ஜெபத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதோடு ஒப்பிட்டுப் பழைய உவமை ஒன்று அவர்களிடம் உண்டாம். ஆரம்பத்தில் வாளியால் இறைக்கிறோம், அப்புறம் மாடு பூட்டிக் கமலை, அப்புறம் வாய்க்கால், கடைசியில் மழை. அதைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி முகம் சுண்டிப்போய் வந்தார்.

“மோட்டார விட்டுட்டாவளே வே” என்றார்.

ஒவ்வொன்றையும் வீட்டிலும் செய்து பார்த்தார். மைனியைக் கண்ணை மூடச் சொன்னார். மைனி மூடவில்லை, ஜெபமாலையைத் தூக்கிக் காட்டினார். அண்ணாச்சி எதிரே மௌனமாக உட்கார்ந்தார். ஆறு மாதமாகப் பேச முடியாமல் இருக்கிறவருக்கு மௌனத்தைச் சொல்லிக்கொடுக்கப் போன ஆள் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான். மைனி மறுபடியும் ஜெபமாலையைத் தூக்கிக் காட்டினார். இதையெல்லாம் என் வீட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் கடைக்கே போனேன். “மைனி கேக்கது ஜெபமாலையத்தானே அண்ணாச்சி. அதச் சொன்னா என்ன?” என்றேன்.

அண்ணாச்சி வாசலை எட்டிப் பார்த்தார். என் கையைப் பிடித்துக் கடைக்குள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

“எனக்கு முதல் பாதி வராது வே.”

முப்பது வருஷமாகப் பகலெல்லாம் மோட்டார் பார்க்க வயல் வயலாக அலைந்துவிட்டு வந்து, மைனி முதல் பாதியைச் சொல்லும்போது அசந்துவிடுவாராம். ‘இயேசுவும் ஆசி பெற்றவரே’ என்று முடிக்கிற இடத்தில்தான் விழிப்பு வரும். தன் பாதியைச் சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணசந்துவிடுவார். கோயிலிலும் ஆண்கள் பக்கம் இரண்டாம் பாதிதான். இப்போது தானாகத் தொடங்கினால் ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்றதும் நாக்கு ஒரே தாவாகத் தாவி, பின்பாதியில் போய் நிற்கிறதாம். இந்த வயதில் ஃபாதரிடம் போய் இதை எப்படிக் கேட்பது? அதைவிட ஆழமான ஜெபம் தேடுவது சுலபமாக இருந்திருக்கிறது.

“நீரு ஃபாதர்மார் பள்ளிக்கூடத்துல படிச்சவருதானே. உமக்கு வருமா?”

வந்தது. நெற்றி நிறைய விபூதியோடு, காயில் கம்பிகளுக்கு நடுவே நின்று, நான் அருள் நிறைந்த மரியேயின் முதல் பாதியைக் கத்தோலிக்கர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் கிரீஸ் கையைக் கட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னார்.

அன்றைக்கு ஏழு மணிக்கு, துணைக்கு நீரும் வாரும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மைனி எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். அண்ணாச்சி பரீட்சை எழுத வந்தவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ‘ஆண்டவர் உம்முடனே’ வந்தது. ‘ஆசி பெற்றவர் நீரே’ வந்தது. “உம்முடைய திருவயிற்றின்...” என்று சொல்லி நின்றுவிட்டார். வியர்த்துக் கொட்டியது. நான் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன்.

“கனி” என்றார் மைனி.

கரகரத்த, பாதிக் குரல்தான். ஆனால் உவரிக் குரல். அண்ணாச்சி அவரைப் பார்த்தபடியே இருந்தார். முப்பது வருஷம் தூக்கத்திலும் தவறாத தன் சொந்தப் பாதி அவருக்கு மறந்துபோயிருந்தது. கடைசியில் ‘புனித மரியே, இறைவனின் தாயே’ என்று நான்தான் சொல்லி முடித்தேன். மூன்று பேரும் அழுதுகொண்டிருந்தோம்.

இது நடந்து மூன்று மாதமாகிறது. மைனி இப்போது ‘கனியாகிய இயேசுவும்’ வரைக்கும் வந்துவிட்டார். காப்பி கேட்கிறார். அண்ணாச்சியைத் திட்டவும் ஓரிரு சொல் கிடைத்திருக்கிறது. போன வாரம் கடைப் பக்கம் போனபோது, அண்ணாச்சி காயில் கட்டிக்கொண்டே முதல் பாதியை ஒரு பிசிறில்லாமல் மடமடவென்று சொல்லிக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்தேன். இவ்வளவு நன்றாக வருகிறதே, அப்புறம் தினமும் ஏன் அதே இடத்தில் நிற்கிறீர்கள் என்றேன்.

“தண்ணி எடுக்காத மோட்டாருக்கு என்ன செய்வோம்? முதல்ல நாம கொஞ்சம் ஊத்துவோம். பொறவு அதுவா எடுக்கும்லா” என்றார் அண்ணாச்சி.

அன்றைக்குச் சாயங்காலமும் ‘திருவயிற்றின்’ என்று சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி மைனி முகத்தைப் பார்த்து முழித்தார். எனக்கும் இப்போதெல்லாம் ஏழு மணியானால் வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. போய் உட்கார்ந்து, அந்தச் சொல்லுக்காக அவரோடு சேர்ந்து காத்திருக்கிறேன்.