நீ அனுப்பின நாலு டயர்

அன்புள்ள மருமகன் தியெரிக்கு,

சேசுவின் திரு இருதய நிழலில் நீ சுகமாக இருக்க ஜெபித்து லிஸெட் அத்தை எழுதுவது. இங்கே நானும் உன் மாமா நோர்மானும், என் முழங்காலைத் தவிர, சுகம்.

தம்பி, அந்த டயருக்கு நான் முழங்கால் போட்டு நன்றி சொல்லணும், முடியாததால உட்கார்ந்தே சொல்றேன். "எல்லாப் பருவத்துக்கும்னு போட்ட டயர் வண்டியில இருக்கே, இது எதுக்கு?"ன்னார் மாமா. "நம்ம ஊர்ல ஏது மாமா எல்லாப் பருவம்? குளிர்காலமும் அதுக்குக் காத்திருக்கிற காலமும்தானே"ன்னு போன்ல நீ சொன்னதும் நாலையும் கொட்டகைக்கு உருட்டிட்டுப் போனார். மலையும் பனிப்பூவும் முத்திரை குத்தின பனிக்கால டயர், குளிர்ல ரப்பர் விறைக்காது, டயர்மேல ஆழமா வெட்டின காடி தண்ணியையும் சகதியையும் வெளியே தள்ளும்னு நீ சொன்னியே, அப்பவே நம்பிட்டேன். கொட்டகையில அழுத்திப் பார்த்தேன், பிசைஞ்ச மாவேதான். "ஞானஸ்நானத்துக்குள்ள மாட்டிடுங்க"ன்னேன். "சரி சரி"ன்னார்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டு சில்வி குழந்தைக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய். வானம் வெறிக்கணும்னு வழக்கம்போல முந்தின நாளே துணிக்கொடியில ஜெபமாலையைத் தொங்கவிட்டேன். கூட்டாளி வண்டியில மான் வேட்டைக்குக் கிளம்பின மாமா அதைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போனார். விடிஞ்சா மழையும் பனியும் கலந்து கொட்டுது, ஜெபமாலை கொடியோட உறைஞ்சு கிடக்கு! உன் டயர் இருக்கேன்னு தைரியமாக் கிளம்பிட்டேன். பே சேன் போல் ஊர் இறக்கத்துல வண்டி கொஞ்சம் குறுக்கால போச்சு. புது டயர், பழகணும்ல. கீழே பார்த்தா, ஞானஸ்நானம் குடுக்க வேண்டியவர், நாலு ஊருக்கும் ஒரே சாமியாராச்சே, அவர் வண்டி பள்ளத்துல! பிரேக்கை மிதிச்சேன், அவருக்கு ஒரு சாண் முன்னாடி நின்னுச்சு. ஏத்திக்கிட்டேன். "புனித அன்னம்மாள் அருள், லிஸெட்!"ன்னார். "எங்க மருமகன் டயர், சாமி"ன்னேன். பிள்ளை கிறிஸ்தவளாச்சு.

மேப்பிள் பாகு ரெண்டு டின் எடுத்து வச்சிருக்கேன். மாதா உன்னையும் உன் கைராசியையும் காக்கட்டும்.

உன் அத்தை லிஸெட்

பி.கு.: மாமா இப்பதான் வந்தார், மான் வரல. கொட்டகையைத் திறந்தா நாலு டயரும் அங்கேயே உட்கார்ந்திருக்கு! கேட்டா, "நீ ஜெபமாலை தொங்கவிட்டப்புறம் எங்கடி பனி வரப்போகுதுன்னு நம்பிப் போயிட்டேன்"ங்கிறார். இத்தனை வருஷம் கிண்டல் பண்ணின மனுஷன்! அந்த இறக்கத்தை நினைச்சு இப்பதான் சிலுவை போட்டுக்கிட்டேன். நன்றியில பாதியை அன்னம்மாளுக்குக் குடுத்துட்டு, சனிக்கிழமை நீயே வந்து மாட்டிடு. சாமியார்கிட்ட மட்டும் வாயைத் திறந்துடாதே. அவரும் அதே டயர் வாங்கிட்டார்.