லாரி ஆயில் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை

வண்டி புகை விடுகிறது என்ற செய்தி கடைசியாகப் போய்ச் சேருவது அதை ஓட்டுகிறவனுக்குத்தான். அவன் பாட்டுக்கு முன்னால் பார்த்துக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டு போவான். பின்னால் வருகிறவர்கள்தான் இருமுவார்கள், திட்டுவார்கள். திட்டுவதும் காற்றில் அவன் காதுக்கு எட்டாது. நானும் அப்படித்தான் பல மாதங்கள் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் வருவதற்கு முன்பே மூன்று பேருக்கு உழைத்துக் களைத்த பைக் அது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. மீட்டர், எண்ணி அலுத்துப்போய் என்றைக்கோ நின்றுவிட்டிருந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த நான், படப்பையில் அறை எடுத்துத் தங்கி, ஒரகடத்துக்கு ஷிப்டுக்கு அதில்தான் போய்வந்தேன். வேலை, பிஸ்டன் ரிங் செய்கிற தொழிற்சாலையில். அதனால் எனக்கு இஞ்சினைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை என்று எங்கள் ஊரில் நம்பினார்கள். நானும் நம்பினேன். (என் வேலை, ரிங்கை டப்பாவில் போட்டு லேபிள் ஒட்டுவது.)

அந்த ரிங்குகளைச் சோதித்துப் பார்த்து அனுப்புகிற இடத்தில் ஸ்டெல்லா இருந்தாள். படப்பைப் பெண். எங்கள் இருவருக்கும் பிடித்துப்போய், விஷயம் வீடுவரைக்கும் போய், அவள் அப்பா என்னை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வரவேண்டும், அப்படியே மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போக வேண்டும். அவர் பெயர் ஆரோக்கியசாமி. அந்தப் பகுதியின் வார்டு மெம்பர்.

"வரும்போது தயவுசெஞ்சு வண்டிய சரி பண்ணிட்டு வாங்க," என்றாள் ஸ்டெல்லா. "நீங்க கேட்டைத் தாண்டிப் போனப்புறமும் உங்க பொகை இங்கியே நிக்குது."

அன்றுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

மெக்கானிக் பாஷா பாயிடம் போனேன். வண்டியை முறுக்கி, சைலன்சர் பக்கம் மூக்கை நீட்டி, முகத்தைச் சுளித்தார்.

"இன்னாபா, பெட்ரோலோட ஆயிலும் சேத்து குடிச்சிக்கினு கீது. ரிங்கு தேஞ்சு பூட்ச்சு. இப்பவே இஞ்சினப் பிரிச்சா ரிங்கு, வால்வு சீலோட போவும். வுட்டுட்டன்னா போரு, பிஸ்டனு எல்லாம் மாத்தணும். இப்போ சின்ன செலவு, அப்பால பெரிய செலவு. நீயே சொல்லு."

சின்னச் செலவுக்குக் கையில் இருந்தது. ஆனால் அதே கையால்தான் மாமனார் வீட்டுக்குப் புதுச் சட்டையும் ஷூவும் வாங்கியாக வேண்டும். இஞ்சினுக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள், சட்டையைத்தானே பார்ப்பார்கள் என்று முடிவுசெய்தேன். (அன்றைக்கு எடுத்த முடிவுகளிலேயே இதுதான் புத்திசாலித்தனமானது. மற்றவற்றை நீங்களே பாருங்கள்.)

மிச்சமிருந்த தயக்கத்தையும் தீர்த்துவைத்தவன் அறைத்தோழன் முருகன். திருநெல்வேலிக்காரன்.

"ஏல, மெக்கானிக்குன்னா இஞ்சினப் பிரிக்கத்தான் சொல்லுவான். ரிங்கு தேஞ்சா சந்து விழும். அந்தச் சந்த அடைக்கணும், அம்புட்டுதான? லாரிக்கு ஊத்துத கெட்டி ஆயில வாங்கி ஊத்து. பொகையாவது மண்ணாவது!"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. செல்போனில் ஒருவர் பேசிய வீடியோவும் அதையே சொன்னது. சனிக்கிழமை லாரி ஆயில் வாங்கிவந்து ஊற்றினேன். முக்கியமான நாளாயிற்றே என்று அளவுக்கோட்டுக்கு மேலேயே தாராளமாக ஊற்றினேன்.

மறுநாள் காலை ஸ்டெல்லா வீடு வரைக்கும் வண்டி ஓரளவு ஒழுங்காகவே வந்தது. ஆரோக்கியசாமி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வாசலில் நின்றார். "வாங்க தம்பி" என்றார். அந்தத் 'தம்பி'யில் கதவை முழுதாகத் திறக்காத ஒரு ஜாக்கிரதை இருந்தது. காப்பி குடித்தோம். ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும் முன்னால் நடந்து கோயிலுக்குப் போய்விட்டார்கள்.

"நாம உங்க வண்டியிலியே பூடுவோம் தம்பி. நாலு பேரு பாக்கட்டும்," என்றார் அவர்.

நானூறு பேர் பார்த்தார்கள்.

தெருமுனை திரும்பும்போது வண்டி காட்டுக்கத்தல் கத்தியது. ஆனால் நகரவில்லை. லாரி ஆயிலில் பைக்கின் கிளட்ச் வழுக்கும், அளவுக்கு மேல் ஊற்றினால் புகை இன்னும் கூடும் என்பதையெல்லாம் அந்த வீடியோக்காரர் சொல்லவில்லை. இன்னும் முறுக்கினேன். சத்தம் கூடியது, வேகம் நடந்து போகிறவரோடு போட்டி போட்டுத் தோற்றது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் தெருவே இல்லை. வெள்ளையாக ஒரு மதில் எழும்பி எங்களைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

"அடியே, சோத்துப் பானைய மூடு! கொசு மருந்து வருது!" என்று ஒரு குரல் கேட்டது.

படபடவென்று ஜன்னல்கள் சாத்தப்பட்டன. பொடிசுகள் கூச்சல் போட்டுக்கொண்டு புகைக்குள் குதித்து எங்கள் பின்னால் ஓடிவந்தன. ஒரு பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"பாருய்யா, எத்தினி தபா கேட்டோம்! கடைசில மெம்பரே நேர்ல வந்து அடிக்கிறாரு!"

அந்த வார்டு மக்கள் வெகுநாளாகக் கொசு மருந்து கேட்டுக்கொண்டிருந்ததும், மெம்பர் 'இதோ, அதோ' என்று சொல்லி வந்ததும் எனக்கு அப்போது தெரியாது. முதுகுக்குப் பின்னால் இருமல் மட்டும் கேட்டது.

"அங்கிள், எறங்கிடலாமா?"

"இன்னா தம்பி இது வண்டி?" என்று பல்லைக் கடித்தார். அதற்குள் இன்னொரு வீட்டிலிருந்து, "நல்லா இருப்பீங்க மெம்பரே!" என்று ஒரு வாழ்த்து வந்தது. பிறகு என் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு மக்களைப் பார்த்து அசைந்தது.

"மெதுவாவே போ," என்றார் காதருகில்.

(வேகமாகப் போக வழியிருந்தால்தானே!)

கோயிலுக்குப் போகிற வழியில் மேட்டுத் தெரு பிரிகிறது. அந்த முனையில் குடத்தோடு ஒரு அக்கா எங்களை மறித்தார். "நாங்க மட்டும் இன்னா பாவம் பண்ணோம்? எங்க தெருவுல கொசு வூட்டையே தூக்கினு பூடும் போல கீது. உள்ள வாங்க!" மெம்பர், பூசை முடித்து வருவதாக வாக்குக் கொடுத்தார். அது நிறைவேறவில்லை. கோயில் வாசலைத் தொட்டதும் இஞ்சின் ஒரு முனகலோடு இறுகி நின்றுவிட்டது. உதைத்தேன், அசையவில்லை. எங்களுக்கு முன்பாகப் புகை கோயிலுக்குள் நுழைந்துவிட்டிருந்தது.

கடைசி வரிசையில், புகை நாறிய புதுச் சட்டையோடு மெம்பருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெண்கள் பக்கத்தில் ஸ்டெல்லாவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறாள் என்று நினைத்தேன். முகத்திலிருந்து கைக்குட்டையை எடுத்தபோதுதான் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணம் அவ்வளவுதான், அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட வேண்டியதுதான் என்று நான் பாதி ஜெபத்திலும் பாதி பஸ்ஸிலுமாக இருந்தேன்.

பூசை முடிவில் ஃபாதர் அறிவிப்புகள் வாசித்தார். நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "கொசுத் தொல்லையை உணர்ந்து, விடுமுறை நாளென்றும் பாராமல், இன்று தாமே முன்வந்து மருந்து அடித்த நம் வார்டு உறுப்பினருக்குப் பங்கு மக்கள் சார்பில் நன்றி."

கைத்தட்டல் எழுந்தது. ஆரோக்கியசாமி எழுந்து நான்கு பக்கமும் கும்பிட்டார். உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் சொன்னார்.

"மாப்ள, வெளிய யார் கேட்டாலும் வாயத் தொறக்காத."

தம்பி மாப்பிள்ளை ஆனது அந்த நொடியில்தான்.

"சரிங்க மாமா," என்றேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு பாஷா பாயிடம் போனேன். ஆயிலை இறக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். போர், பிஸ்டன், ரிங், கிளட்ச் என்று எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பெரிய செலவு முடிந்து, நான் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் கல்யாணத் தேதியே குறித்தார்கள்.

இப்போதும் அந்தப் பக்கம் போனால் எனக்குத் தனி மரியாதை உண்டு. மழைக்காலம் வந்தால் ஸ்டெல்லாவை நிறுத்தி, "உங்க வூட்டுக்காரு எப்ப வராரு?" என்று விசாரிக்கிறார்கள். மேட்டுத் தெருக்காரர்கள் மட்டும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்து வந்த தேர்தலில் மாமா ஜெயித்துவிட்டார். ஆனால் அந்தத் தெருவில் விழ வேண்டிய ஓட்டு விழவில்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடும்பம் மொத்தமும் பிரியாணிக்கு உட்கார்ந்திருக்கும்போது யாராவது இந்தக் கதையை எடுத்துவிடுவார்கள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, மாமா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துச் சொல்வார்:

"இன்னும் ஒரு லிட்டர் சேத்து ஊத்தியிருக்கலாம் மாப்ள. மேட்டுத் தெருவும் நம்ம கைல இருந்திருக்கும்."