கியர் ஐயரும் தேங்காய்த் திருவலையும்

கொழும்பில் உள்ள மோட்டார் சைக்கிள் கம்பனிக்காரர் எல்லோரும் திரண்டு வந்து எதிரே நின்றாலும், மனிதனுக்குக் கால் என்று ஒன்று இருப்பது தனக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்று சாதிக்கக்கூடிய ஒருவர் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் இருக்கிறார். தாய் தகப்பன் வைத்த பெயர் நீளமானது. கல்யாண அழைப்பிதழ்களில் மட்டும் வரும். மற்றபடி தெஹிவளை வரைக்கும் அவர் கியர் ஐயர்தான்.

ஐயருக்கு இரண்டு கோயில். காலைப் பூசை கொட்டாஞ்சேனையில், மாலைப் பூசை இங்கே. இடையில் எந்நேரமும் வாகனம் நெரியும் காலி வீதி. அந்த வீதியில் பஸ்ஸை நம்பினால் காலைப் பூசைக்குப் புறப்பட்டவர் சாயரட்சைக்குத்தான் போய்ச் சேரலாம். ஆகவே ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, சால்வையை இடுப்பில் இறுக்கி, குடுமிக்கு மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு புறப்பட்டார். புறப்பட்ட அன்றே பிரச்சினை தொடங்கியது.

"இதைச் செய்தவன் சப்பாத்துப் போட்டவன், தம்பி" என்று என்னிடம் வந்து முறையிட்டார். கியரைக் கூட்டுவதென்றால் பெருவிரலைக் கம்பிக்கு அடியில் கொடுத்து மேலே தூக்க வேண்டும். சப்பாத்துக்காரனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ரப்பர் செருப்போடு போகிறவருக்கோ பம்பலப்பிட்டியில் ஒரு தரம், கொள்ளுப்பிட்டியில் ஒரு தரம் என்று நகம் பெயர்ந்துகொண்டு வரும். தோல் சப்பாத்தை ஐயர் தொடமாட்டார். துணிச் சப்பாத்துப் போடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். வேட்டிக்குக் கீழே சப்பாத்தா என்பதுபோல் அவர் பார்த்த பார்வையில் நான் அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயரின் மனைவி, எங்களுக்கு ஐயரம்மா, தேங்காய் துருவ உட்கார்ந்தபோது திருவலையில் பலகை மட்டும்தான் இருந்தது. இரும்பு, மோட்டார் சைக்கிளின் இடது பக்கத்தில் இருந்தது. ஐயர் அதன் பல்லை அராவி மழுக்கி, வளைத்து, கியர் கம்பியின் பின்புறம் பூட்டிவிட்டார். இனி விரலால் தூக்கத் தேவையில்லை. குதிக்காலால் ஓர் அழுத்து அழுத்தினால் கியர் ஏறும். வேட்டிக்கரை சிக்காமல் இருக்க, முன்புறத்தில் எண்ணெய்த் தகரத்தை வெட்டி மறைப்பும் போட்டார். மழை நாளில் செருப்பு வழுக்குகிறது என்று, கால் வைக்கும் இடத்தில் இடியப்ப உரலின் மரக்கைபிடி இரண்டும் போய் உட்கார்ந்தன. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு இடியப்பம் கடையில் இருந்துதான் வந்தது.

ஐயரம்மா ஒழுங்கைக்கே கேட்கும்படி சொன்னார்: "உலைமூடி ஒண்டுதான் மிச்சம் கிடக்கு. அதையும் கொண்டுபோய்ச் சில்லாப் பூட்டுங்கோ."

ஐயர் உலைமூடியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, சக்கரத்துக்குச் சரிவருமா என்று யோசனையோடு பார்த்ததை நானே கண்டேன்.

நான் காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்பவன். அந்த வாகனத்துக்கு நான் ஒருநாளும் காப்புறுதி எழுதிக் கொடுக்கமாட்டேன். ஆனால் எந்தக் காப்புறுதியும் தராத பாதுகாப்பு அதற்கு இருந்தது. ஒருமுறை யாரோ அதைத் திருடிக்கொண்டு போனார்கள். குதிக்காலில் கியர் இருப்பது திருடனுக்கு எப்படித் தெரியும்? முன்னால் விரலைக் கொடுத்தால் தகரம் இடிக்கிறது. பாவம், முதல் கியரிலேயே எஞ்சின் கதறக் கதற அடுத்த ஒழுங்கை மட்டும் போயிருக்கிறான். அங்கே ஒரு மதிலோரம் சாத்திவிட்டுக் கால்நடையாகத் தப்பிவிட்டான். வாகனத்தைக் கண்ட ஐயருக்குக் கோபமே வரவில்லை. "அவனும் சப்பாத்துக்காரன்தான்" என்று திருப்தியோடு சொல்லி வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

பொலிஸ்காரரும் சும்மா விடவில்லை. காலிமுகத்திடலுக்குக் கிட்ட ஒருவர் மறித்து, குனிந்து பார்த்து, திருவலையை அடையாளம் கண்டுகொண்டார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், இறங்கி ஓடலாமா என்று யோசித்தபடி.

"ஸ்வாமி, மேகென் பொல் கான்னத் புளுவந்த?" என்று சிங்களத்தில் கேட்டார். இதில் தேங்காயும் துருவலாமா என்று கேள்வி.

"இஸ்ஸர புளுவன். தென் பே" என்றார் ஐயர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். முந்தித் துருவலாம், இப்ப ஏலாது.

அந்த மனுஷன் சிரித்த சிரிப்பில் எங்களை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஐயர் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் கையால் தேங்காய் துருவிக் காட்டுவாராம்; ஐயரும் ஹெல்மெட்டை ஆட்டுவாராம்.

இப்படியிருக்க, என் தங்கை சுபாவுக்குக் கல்யாணம் பொருந்தியது. மாப்பிள்ளை கனடா. நல்ல பிள்ளை. சுபாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும்போது ஓட்டோ ஒன்று மோதி அவளுடைய வலது முழங்காலுக்குள் தகடு வைத்தார்கள். நடப்பாள், வேலைக்குப் போவாள், ஆனால் முழங்கால் மடங்காது. பஸ் படியில் ஏறுவதென்றால் காலைப் பக்கவாட்டில் வீசித்தான் ஏறவேண்டும். மாப்பிள்ளைக்கும் அவர் வீட்டாருக்கும் எல்லாம் தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டில் வெளியாட்கள் முன்னால் யாரும் அந்தக் காலைப் பற்றிக் கதைப்பதில்லை.

தாலி கட்டின பிறகு அம்மி மிதிக்க வேண்டும். மாப்பிள்ளை குனிந்து, பெண்ணின் வலது காலைத் தூக்கிக் கல்லில் வைத்து மெட்டி போடுவார். மடங்காத காலைத் தூக்கினால் ஆள் பின்னால் சாய்வாள். அதை விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். அம்மா சரி என்றார். சுபாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"எல்லாப் பிள்ளையளும் மிதிக்கிற அம்மியை நானும் மிதிக்கவேணும், அண்ணா. ஆனா நான் விழுறதை ஆக்கள் வீடியோவில திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கக்கூடாது" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முகூர்த்தம் பார்க்கக் கியர் ஐயர் வந்தார். சுபா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஐயர் யாருடைய முகத்தையும் முதலில் பார்க்கிறவர் இல்லை, காலைத்தான் பார்ப்பார். பஞ்சாங்கத்தை மூடிவைத்தார்.

"பிள்ளை, உமக்கு முழங்கால் எவ்வளவு மடங்கும்?"

அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. சுபா மட்டும் பதற்றப்படாமல், கொஞ்சமும் மடங்காது ஐயா என்றாள். ஐயர் எழும்பி, அவளை ஒழுங்கைக்குக் கூட்டிக்கொண்டு போய், மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். காலை நீட்டச் சொன்னார், வைக்கச் சொன்னார், பூசைப் பைக்குள் இருந்து தர்ப்பைப் புல்லை எடுத்து நிலத்துக்கும் குதிக்காலுக்கும் அளவு பிடித்தார். ஒழுங்கையே பல்கனிகளில் வந்து நின்று பார்த்தது. கல்யாணப் பொம்பிளையை றோட்டில் நிற்கவைத்து இந்த மனுஷன் என்ன கூத்தாடுகிறார் என்று அம்மா என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார். ஐயரோ ஒரு விளக்கமும் சொல்லாமல் புல்லில் முடிச்சுப் போட்டுக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. அலங்காரக்காரர், வீடியோவுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அம்மியை ஒரு பூப்பீடத்தின் மேல் ஏற்றி வைத்திருந்தார். அதைக் கண்ட சுபாவின் முகம் வெளுத்துப் போனது. ஐயரையோ காணவில்லை. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு அந்த மோட்டார் சைக்கிள் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். காலி வீதியில் ஆயிரம் சத்தம் வந்தது, அது மட்டும் வரவில்லை. முகூர்த்தம் நெருங்க நெருங்க எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஏதோ ஒரு லொறிக்கு அடியில் இடியப்ப உரல் கைபிடி உருண்டுகொண்டு கிடப்பதாகவே நினைத்தேன். வாசலுக்கு ஓடினேன்.

ஐயர் பஸ்ஸில் இருந்து இறங்கினார். தோளில் ஒரு சாக்கு மூட்டை. வேட்டி கசங்கி, குடுமி அவிழ்ந்து, ஆள் நனைந்துபோய் இருந்தார்.

"ஐயா, பைக் எங்க?"

"அதுக்கு இண்டைக்குக் காலில்லை, தம்பி" என்று மூட்டையை என் கையில் தந்தார். "கவனமாப் பிடியும். கால் இதுக்குள்ளதான் கிடக்கு."

மேடைக்கு ஏறியதும் முதல் வேலையாகப் பூப்பீடத்தை அகற்றச் சொன்னார். அலங்காரக்காரர் முறைத்தார். ஐயர் அதைக் கவனிக்காமல் மூட்டையில் இருந்து ஒரு மெல்லிய சின்ன அம்மியை எடுத்து நிலத்தோடு நிலமாக வைத்து, மஞ்சள் துணியால் சுற்றிப் பூவைப் பரப்பினார். துணிக்குள் ஏதோ ஓர் இரும்பு அவருடைய மணைப் பக்கமாக நீண்டு போனதை நான் மட்டும் கண்டேன். அந்த வளைவு எனக்கு நன்றாகத் தெரிந்த வளைவு.

தாலி நேரத்துக்குக் கட்டியாயிற்று. அடுத்தது அம்மி. சுபா ஐயரைப் பார்த்தாள். ஐயர் மந்திரத்தை ஒரு கணம் நிறுத்தினார்.

"பிள்ளை, காலைத் தூக்கவேண்டாம். முன்னுக்கு நீட்டி வையும், போதும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

சுபா காலை நீட்டி வைத்தாள். மாப்பிள்ளை குனிந்து பாதத்தைத் தொட்டார். ஐயர் மந்திரத்தை விட்ட இடத்தில் பிடித்து, அதன் நடுவே குதிக்காலால் ஓர் அழுத்து அழுத்தினார். 'டக்' என்று கியர் விழுகிற சத்தம். கல் அவளுடைய பாதத்தைத் தாங்கியபடி மெல்ல மேலே வந்தது. எல்லாப் பெண்களையும் போல என் தங்கையும் அம்மியில் கால் வைத்து நிமிர்ந்து நின்றாள். மேளம் முழங்கியது. அம்மா அழுதார். நானும்தான் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

அந்த வீடியோவை இப்போதும் கனடாவில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார்கள். நன்றாகக் கவனித்தால் ஐயரின் வேட்டிக்கரை ஒருதரம் அசைவது தெரியும், அவ்வளவுதான். சுபா தொலைபேசி எடுத்தால் அம்மாவின் பிரஷரை விசாரிக்க முன்னம் ஐயரைத்தான் விசாரிப்பாள்.

இரும்பைத் திரும்ப எப்போது பூட்டப் போகிறீர்கள் என்று ஐயரிடம் கேட்டேன். அது அம்மியோடேயே இருக்கட்டும், கால் ஏலாத பிள்ளைகள் இன்னும் வருவார்கள்தானே என்றார். கல்யாணத்துக்குப் பிறகு கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் போய், பூசைக்குப் பிந்தி, ஏச்சும் வாங்கிக்கொண்டிருந்தார்.

போன கிழமை ஐயரம்மா கடையில் இருந்து புதுத் திருவலை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். சமையலறைக்குள் கொண்டுபோகவில்லை. நேரே மோட்டார் சைக்கிளடிக்கு வந்து, பலகையைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு, இரும்பை மட்டும் ஐயரிடம் நீட்டினார்.